கிறிஸ்தவ இல்லத்தில் குழந்தை வளர்ப்பு

குழந்தைக்கு உணவூட்டுவதும், மொழி பயிற்றுவதும், நடை பழக்குவதும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான கடமைகள். இவற்றோடு, தாம் வணங்கும் கடவுளை அக்குழந்தைக்கு அறிமுகப்படுத்துவதும் தம் கடமையே என்று சமய உணர்வுடைய பெற்றோர் கருதுகின்றனர். விளக்கேற்றும் பாட்டியின் அருகில் நின்று ஒரு குழந்தை பார்க்கிறது. தொழுகைப் பாயின் ஓரத்தில் அமர்ந்து ஒரு குழந்தை பார்க்கிறது. வேதபுத்தகம் வாசிக்கும் தந்தையின் மடியில் இருந்து ஒரு குழந்தை பார்க்கிறது. கிறிஸ்தவ இல்லத்தில் இக்கடமை எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது, அதில் நேரும் இடர்ப்பாடுகள் யாவை, அதன் எல்லை எது என்பவற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

தொடக்கத்திலேயே ஒரு வினா எழுகிறது. வீட்டையும் வயலையும் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பதுபோல விசுவாசத்தையும் எழுதி வைத்துவிட முடியுமா? முடியாது என்பதே திருச்சபையின் விடை. கத்தோலிக்கத் திருச்சபையிலும், லுத்தரன் திருச்சபையிலும், தென்னிந்தியத் திருச்சபையிலும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்பொழுது பேச இயலாத அக்குழந்தையின் சார்பில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கின்றனர். பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே முதலிய சபைகளிலோ குழந்தையைக் கடவுளுக்கு அர்ப்பணம் செய்து ஜெபிப்பதோடு நிறுத்திக்கொண்டு, அது வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிடும் நாள் வரை ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கின்றனர். இவ்விரு சாராரும் தம்முள் நெடுநாள் வாதிட்டு வந்திருப்பினும், ஒரு செய்தியில் உடன்படுகின்றனர். பிறப்பினால் மட்டும் ஒருவன் கிறிஸ்தவன் ஆகிவிடுவதில்லை. அவனுக்கு யாரேனும் கற்பிக்க வேண்டும். பின்னொரு நாள் அவன் தன் வாயாலேயே விடை கூற வேண்டும். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் வளர்ந்தபின், தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் என்றும், கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிபூசுதல் என்றும் வழங்கும் சடங்கிலே தம் வாக்கைத் தாமே கொடுக்கின்றனர். பிறர் கொடுத்த வாக்குக்கும் தான் கொடுக்கும் வாக்குக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் வீட்டில் என்ன நிகழ வேண்டும் என்பதுதான் நம் பொருள்.

பழங்காலத்திலிருந்து இதற்குத் திருச்சபை கண்ட முதல் வழி மனப்பாடம். விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகிய மூன்றையும் குழந்தையின் நாவிலே பதித்துவிட வேண்டும் என்று முன்னோர் விரும்பினர். இவ்வழியின் வரலாற்றில் தமிழுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்த உள்ளூராரின் துணைகொண்டு ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை நெட்டுருச் செய்து, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அவர் செய்ததில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. கற்றதைத் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பியுங்கள் என்று அச்சிறுவர்களையே அவர் வீட்டுக்கு அனுப்பினார். பெற்றோர் பிள்ளைக்குக் கற்பிப்பது உலக வழக்கு. பரதவர் குடில்களிலோ பிள்ளை பெற்றோருக்கு ஆசிரியன் ஆயிற்று.

அவர்க்குப்பின் அக்கடற்கரையில் நெடுங்காலம் உழைத்த அன்றிக்கே அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் என்று போற்றப்படுவது இதுவே. அடுத்த ஆண்டில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற விரிவான வினாவிடை நூலும் வெளிவந்தது. காவியமும் இலக்கணமும் ஏட்டிலே இருந்த காலத்தில், தமிழ் அச்சு முதன்முதல் விசுவாசத்தின் அரிச்சுவடியைத் தாங்கி வந்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஜெர்மனியிலும் இதற்கு முன்னரே இத்தகைய முயற்சி நடந்தது. சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிட்ட மார்ட்டின் லூத்தர், மக்களின் அறியாமையைக் கண்டு வருந்தி, 1529இல் சிறிய ஞானோபதேச நூல் ஒன்றை இயற்றினார். குருமாருக்கு மட்டும் என்று அவர் அதனைக் கருதவில்லை. வீட்டுத் தலைவன் தன் குடும்பத்தார்க்கு எளிமையாகக் கற்பிக்கத்தக்க முறையில் அதனை அமைத்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னே அதன் பொருள் என்ன என்று கேட்கும் குறுவினா ஒன்றை வைத்து, விடையையும் சுருங்கத் தந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்ற பின்னர், இந்நூலைத் தமிழாக்கினார்.

நெட்டுருவை இன்று பலர் இகழ்கின்றனர். பொருள் தெரியாத சொல்லைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதால் பயன் என்ன என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஐந்து வயதில் பதிந்த சொல் ஐம்பது வயதில் பொருள் தருவதுண்டு. பேரப்பிள்ளைகளின் பெயர்களையே மறந்துவிட்ட முதியவர், படுக்கையருகில் ஒருவர் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினால், தாமும் உடன்சேர்ந்து இறுதிவரை சொல்வதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம். நெட்டுரு களஞ்சியம் போன்றது. பசி வரும் காலத்துக்கென்று நெல்லைச் சேர்த்து வைப்பது அறியாமை ஆகாது. களஞ்சியம் நிரம்பியதனாலேயே குழந்தை உண்டுவிட்டது என்று எண்ணுவதுதான் அறியாமை.

நெட்டுருவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வினாவிடை நூலில் வினாவும் பெரியவருடையது, விடையும் பெரியவருடையது. குழந்தைக்கு உரியது ஒப்பிக்கும் வேலை மட்டுமே. ஆனால் வேதாகமத்தைத் திறந்து பார்த்தால், அங்கு முறை மாறியிருக்கக் காண்கிறோம். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற இஸ்ரவேலர்க்குப் பஸ்கா விருந்து விதிக்கப்பட்டபோது, இவ்வாராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்பொழுது இன்னவாறு விடை சொல்லுங்கள் என்று யாத்திராகமம் கூறுகிறது. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் கட்டளைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசவேண்டும் என்று விதிக்கும் உபாகமம், அவ்வதிகாரத்தின் முடிவிலே பிள்ளை கேட்கும் கேள்விக்கும் இடம் வைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் காணாமற்போன இயேசு, போதகர்கள் நடுவில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்கவும் அவர்களை வினவவும் கண்டார் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே கேள்வி கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்கும் வீடு, வேதாகமம் காட்டும் வழியைவிட்டு விலகிய வீடு ஆகும்.

குழந்தைகள் கேட்கும் கேள்விகள் எளியன அல்ல. எல்லாவற்றையும் கடவுள் உண்டாக்கினார் என்றால் கடவுளை உண்டாக்கியவர் யார் என்று நான்கு வயதுப் பிள்ளை கேட்கும். தத்துவ ஞானிகள் தலைமுறை தலைமுறையாகச் சிந்தித்த வினா இது. தொடக்கமும் முடிவும் இல்லாதவரையே கடவுள் என்கிறோம், அது நம் அறிவுக்குள் முழுதும் அடங்குவதில்லை என்று தந்தை உண்மையை உரைத்தால், அவர் மதிப்புக் குறையாது.

அடுத்த வீட்டுத் தோழன் மோட்சத்துக்குப் போவானா என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்கும். தன்னோடு கோலிக்குண்டு ஆடுபவனை நினைத்துக்கொண்டு கேட்கிறது. இங்கே பெற்றோர் சொல்லும் ஒரு சொல், அப்பிள்ளை தன் நாட்டு மக்களை வாழ்நாள் முழுவதும் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதைத் தீர்மானிக்கக்கூடும். தீர்ப்புக் கூறும் வேலை கடவுளுடையது, நம்முடையது அன்று என்று சொல்லிவிட்டு, அடிபட்டு வழியில் கிடந்தவனைக் காத்த சமாரியனின் கதையைச் சொல்லலாம். அக்கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகின்றனர். கேட்டிருந்தவர்கள் புறச்சாதியைப்போல் ஒதுக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவனையே இயேசு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்.

மூன்றாவது கேள்வி இவற்றினும் கடியது. தாத்தா பிழைக்க வேண்டும் என்று எல்லோரும் ஜெபித்தோமே, அவர் ஏன் இறந்தார்? உன் விசுவாசம் போதவில்லை என்று எவரேனும் சொல்லிவிட்டால், தாத்தாவின் சாவுக்குத் தானே காரணம் என்னும் பாரத்தை அப்பிள்ளை சுமக்கும். அது பெருங்கொடுமை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்குமாறு வேண்டினார், அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காதபோதும் கடவுள் கைவிடவில்லை என்று நம்புவதே ஜெபம் என்பதைக் கூறிப் பிள்ளையோடு சேர்ந்து அழுவதே தக்க விடை.

இத்தகைய கேள்விகள் எழுவதற்கு நேரமும் இடமும் வேண்டும். அந்த நேரத்தைத் தருவதற்கென்றே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாலைக் குடும்ப ஜெபம் அமைந்தது. பாயை விரித்து அனைவரும் அமர்ந்து, கீர்த்தனை ஒன்று பாடி, வேதபாகத்தை முறைவைத்து வாசித்து, ஒருவர் ஜெபித்து முடிப்பர். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரு வசனம் கிடைக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் இயற்றிய கீர்த்தனைகளால் ராகமும் தாளமும் விசுவாசத்தோடு கலந்து பிள்ளையின் செவியில் இறங்கின. இந்த வேளை கால்மணி நேரத்துக்கு மேல் நீளாதிருப்பது நன்று. உறக்கம் மேலிட்ட குழந்தையை உட்காரவைத்து அரைமணி நேரம் ஜெபிப்பவர், கடவுளைக் காட்டிலும் கொட்டாவியையே அதற்குக் கற்பிக்கிறார். வேறொரு பிழையும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பையன் கணக்கில் தோற்றதையும், தங்கையை அடித்ததையும் வரிசையாகக் கடவுளிடம் முறையிடும் ஜெபம் அது. அப்படி ஜெபிப்பவர் பேசுவது கடவுளோடு அன்று, பையனோடுதான் என்பது அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டமாகச் செய்யும் ஜெபத்தோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே நேரம் கொடுத்த தாய் ஒருத்தி வரலாற்றில் இருக்கிறாள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் அன்னையாகிய சூசன்னா வெஸ்லி, பத்தொன்பது மக்களைப் பெற்றுப் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவள். இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரில், வறுமைக்கும் கடனுக்கும் இடையே குடும்பம் நடத்திய அவள், வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கித் தனியே அமர்ந்து உரையாடினாள். ஜானுக்கு வாய்த்தது வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமை மாலைகளை வளர்ந்து கல்லூரியில் ஆசிரியரான பின்னும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். சூசன்னாவின் கண்டிப்பு இக்காலத்துக்கு ஏற்காத அளவு கடுமையானது. எனினும், பிள்ளைக்கூட்டத்துக்குக் கற்பிப்பது வேறு, ஒரு பிள்ளையின் பேச்சுக்குச் செவிகொடுப்பது வேறு என்று அவள் அறிந்திருந்தாள்.

எங்கள் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குப் போகிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். ஞாயிறு பள்ளி நற்பணி என்பதில் ஐயமில்லை. 1780இல் இங்கிலாந்தின் குளௌஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் இதனைத் தொடங்கியபோது, ஆறு நாளும் ஆலையில் உழைத்து ஏழாம் நாள் தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவும் வேத அறிவும் ஒருங்கே கிடைத்தன. ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம் உண்டு. ஞாயிறு பள்ளிக்கு உரியது அவற்றுள் ஒன்று. நாட்பள்ளியும் இக்கடமையை ஏற்றுக்கொள்ள முடியாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில், மாணவரின் இசைவு இன்றி, மாணவர் உரிய வயது அடையாதவராயின் காப்பாளரின் இசைவு இன்றி, எவரையும் சமயப் போதனையில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு விதிக்கிறது. பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் நாட்டில் இது நேர்மையான விதி. ஆகவே பொறுப்பு வீட்டுக்கே திரும்பி வருகிறது.

வீடு என்றவுடன் சொல்லைக் காட்டிலும் நடத்தையே முன்வந்து நிற்கிறது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று நம் நாட்டில் மிரட்டுவதுண்டு. கிறிஸ்தவ வீட்டில் பெயர் மட்டும் மாறி இதே மிரட்டல் நடக்கிறது. பெற்றோரின் பிரம்புக்குக் கடவுளைக் கைப்பிடி ஆக்கினால், பிரம்பின் மேலுள்ள வெறுப்பு கடவுள்மேலும் படியும். பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள் என்று பவுல் அப்போஸ்தலர் தகப்பன்மார்க்கே கட்டளையிட்டார். பள்ளியில் அடிபடாதிருக்கத் தாம் சிறுவயதில் கடவுளை வேண்டியதையும், அவ்வச்சத்தைக் கண்டு பெரியவர்கள் நகைத்ததையும் அகுஸ்தீன் முதிர்ந்த வயதிலும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் கூறாமல் விட முடியாது. எல்லா மனிதரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று குழந்தை மாலையில் ஒப்பிக்கிறது. மறுநாள் காலையில், வேலைக்கு வந்தவருக்குத் தனிக் குவளையில் காப்பி கொடுப்பதையும் அதே குழந்தை காண்கிறது. அண்ணனுக்குப் பெண் பார்க்கும்போது, ஒரே ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்களை, அவர்கள் வேறு சாதி என்று சொல்லி ஒதுக்கும் பேச்சையும் அது கேட்கிறது. சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே ஒழிக்க வேண்டும் என்று கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் கடிதம் எழுதினார். நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அக்கடிதத்தின் தேவை தீர்ந்துவிடவில்லை. குழந்தையின் கணக்கு எளிமையானது. மாலையில் சொன்னது மெய்யா, காலையில் செய்தது மெய்யா என்று அது கேட்கும். வாய்விட்டுக் கேட்காவிடினும், செய்ததையே மெய்யென்று கொள்ளும். மறுபுறத்தில், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஏழைக்கென்று எடுத்து வைக்கும் தாயின் கையும், அசன விருந்தில் அனைவரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் தந்தையின் தோளும், நூறு வினாவிடைகள் கற்பிக்க முடியாததைக் கற்பித்துவிடும்.

இவ்வளவும் செய்த பெற்றோர்க்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. பதினாறு வயதில் மகன் ஆலயத்துக்கு வர மறுக்கலாம். கல்லூரியில் படிக்கும் மகள், இதையெல்லாம் தன்னால் நம்ப முடியவில்லை என்று சொல்லலாம். அப்பொழுது பெற்றோர் உள்ளத்தில் எழும் அச்சத்தையும் அவமானத்தையும் எளிதாகப் பேசிவிட முடியாது. ஆயினும் இந்நாளின் அறம் தெளிவானது. ஐக்கிய நாடுகள் பேரவை 1989இல் ஏற்று, இந்தியா 1992இல் இணைந்த குழந்தை உரிமை உடன்படிக்கை, சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதன் வளரும் ஆற்றலுக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோர்க்கு உண்டு என்றும் கூறுகிறது. வழிகாட்டும் கை, பிள்ளை வளர வளரத் தன் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது இதன் கருத்து.

இதனைத் துன்பத்தின் வாயிலாகக் கற்ற தாய் மோனிக்கா. அவள் மகன் அகுஸ்தீன், 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்து, இளமையில் மானிக்கேயம் என்னும் வேறொரு சமயத்தைத் தழுவினான். முதலில் அவள் அவனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே மேசையில் உண்ணவும் மறுத்தாள். பின்னர் மனம் மாறி அவனை வீட்டில் சேர்த்துக்கொண்டாள். அத்தியட்சர் ஒருவரிடம் சென்று, என் மகனோடு வாதிட்டுத் திருத்துங்கள் என்று மன்றாடினாள். இளமையில் தாமும் அச்சமயத்தில் இருந்து மீண்டவராகிய அவர், வாதத்துக்கு இசையவில்லை. அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் செய், படித்துத் தானே தெளிவான் என்று சொல்லி அனுப்பினார். ஆண்டுகள் பல சென்றன. 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளில், மிலான் நகரில் அம்புரோஸ் அத்தியட்சரின் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா மறைந்தாள்.

எல்லாத் தாய்மாரின் கண்ணீருக்கும் அவர்கள் வாழ்நாளிலேயே இத்தகைய முடிவு கிடைப்பதில்லை. இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையிலும், பங்கைப் பிரித்துக்கொண்டு புறப்பட்ட மகனைத் தகப்பன் கட்டிப்போடவில்லை, போகவிட்டான். ஆனால் மகன் தூரத்தில் வரும்போதே கண்டுகொண்டான் என்பதனால், அவன் கண் அந்த வழியை விட்டு அகலவில்லை என்பது விளங்குகிறது. கிறிஸ்தவப் பெற்றோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

ஆகவே, நினைவிலே சில சொற்களைப் பதியுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பொறுமையாக விடை கூறுங்கள். கூறிய விடைக்கு உங்கள் நடத்தையைச் சான்றாக்குங்கள். அதன்பின் எஞ்சுவது அப்பிள்ளைக்கும் கடவுளுக்கும் இடையிலான செய்தி. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அவன் நம்பினாலும், ஐயுற்றாலும், எந்த நேரத்தில் வந்தாலும், வீட்டுக் கதவு தாழிடப்படாமல் இருக்கட்டும்.